பந்து வெளியே போகும்வரை

ஜூன் 9, திங்கள்

மோனிஷா போன வருடம் பாதி எழுதிப் போட்ட டைரி இது. அச்சடித்த தேதியை அடித்துவிட்டு மேலே எழுதுகிறேன். நான் அஞ்சாவது வரைதான் படித்தேன், கையெழுத்து கோணலாகத்தான் இருக்கும். யார் என்ன செய்தார்கள் என்பது எனக்கு மறக்காது. ஆனால் நான் போன பிறகு இந்த வீட்டில் மறக்காமல் இருக்க ஆள் கிடையாது. மருமகள் தமிழரசி, யார் எது செய்தாலும் ரெண்டே நாளில் சிரித்துப் பேசிவிடுவாள். அதனால் எழுதி வைக்கிறேன்.

நேற்று எங்கள் ஏழாம் தெருப் பெண் பிள்ளைகள் பவளம் அகாடமியை ரெண்டுக்கு ஒன்று என்று ஜெயித்தார்கள். பதினாலு வயதுக்கு உட்பட்டவர்களின் லீக். என் பேத்தி மோனிஷா தூக்கிக் கொடுத்த பந்தில்தான் முதல் கோல். அதைப் பொறுக்காமல் அகாடமிக்காரர்கள் அன்றைக்கே கால்பந்துச் சங்கத்தில் புகார் கொடுத்துவிட்டார்கள். கோல் மேல் புகார் என்று சொல்லிக்கொள்கிறார்கள். அது என் மகன் மேல் கொடுத்த புகார்.

என் மகன் லோகநாதன் இந்தத் தெரு டீமில் இடது ஓரம் ஆடியவன். மோனிஷாவுக்கு மூன்று வயதாக இருக்கும்போது எண்ணூர் ரோட்டில் ஒரு கண்டெய்னர் லாரி. அதற்கு மேல் எழுதப் பிடிக்கவில்லை. அவன் போன பிறகு நடந்த முதல் மேட்ச்சில் பையன்கள் பத்துப் பேராக இறங்கினார்கள். இடது ஓரத்தைக் காலியாக விட்டார்கள். பந்து முதல் தடவை கோட்டைத் தாண்டி வெளியே போன பிறகுதான் பதினோராவது ஆள் உள்ளே போனான். அன்றைக்கு மைதானத்தில் கை தட்டாதவர்கள் இல்லை. அன்றிலிருந்து பெரியவர்கள், சின்னவர்கள், பையன்கள், பெண்கள், எங்கள் தெருவின் எந்த டீம் இறங்கினாலும் அப்படித்தான். பந்து வெளியே போகும்வரை அந்த இடம் லோகுவுடையது. பெண்கள் டீமில் கோட்டுக்கு வெளியே காத்து நிற்பவள் மோனிஷா. அவன் மகள் அல்லவா, வேறு யார் நிற்பது.

முன்பெல்லாம் லீக்கை நாங்களே நடத்தினோம். இந்த வருடம்தான் சங்கத்தில் சேர்ந்தோம். சங்கம் அங்கீகாரம் கொடுத்த கிளப்பில் ஆடினால்தான் பிள்ளைகள் மாவட்ட டீமுக்கு ஆள் எடுக்கிற தேர்வுக்குப் போகலாம் என்று கோச் ஜெபராஜ் சொன்னான். சரி என்றேன். இப்போது சங்கத்து ரெஃபரி, சங்கத்துச் சட்டம். ரெஃபரியைக் கேட்காமல் மோனிஷா உள்ளே ஓடினாளாம். அடுத்து எறிந்த பந்திலேயே கோல் விழுந்ததாம். செல்லாது என்கிறார்கள்.

கேஸ் சிலிண்டர் இன்றும் வரவில்லை.

ஜூன் 10, செவ்வாய்

டீம் ஜெர்சி எல்லாவற்றையும் துவைத்துக் காயப்போட்டேன். கோல்கீப்பர் பெண்ணின் ஜெர்சியில் மட்டும் எப்போதும் பாதி மைதானம் ஒட்டிக்கொண்டு வரும். மூட்டு வலி.

ஜூன் 12, வியாழன்

ஜெபராஜ் வந்தான். முகத்தைப் பார்த்ததும் டீ வைத்தேன்.

இதற்கு முந்தைய மேட்ச்களிலும் இதையே செய்திருக்கிறோம் என்று ரெஃபரிகள் எழுதிக் கொடுத்திருக்கிறார்கள். தெரியாமல் நடந்ததில்லை, வேண்டுமென்றே செய்தது என்று முடிவு கட்டிவிட்டார்கள். ஏழாம் தெருவின் அங்கீகாரத்தை இந்த சீசன் முழுக்க எடுத்துவிட வேண்டும் என்று கமிட்டியில் ரெண்டு பேர் ஒற்றைக் காலில் நிற்கிறார்களாம். எடுத்துவிட்டால் அடுத்த மாதம் நடக்கிற தேர்வுக்கு நம் பிள்ளைகளில் ஒருத்தியும் போக முடியாது. பதினெட்டாம் தேதி விசாரணை.

சங்கத்துக்குச் செயலாளர் யார் என்று கேட்டேன். தெரிந்துதான் கேட்டேன்.

எத்திராஜ்.

எத்திராஜைப் பற்றி எழுத இந்த டைரி போதாது. லோகு டீமில் கோல்கீப்பர். சின்ன வயதிலிருந்து ரெண்டு பேரும் ஒட்டிக்கொண்டு திரிந்தவர்கள். என் குடத்தைப் பந்தால் உடைத்துவிட்டு லோகுதான் உடைத்தான் என்று என் முகத்தைப் பார்த்துச் சொன்னவன். அப்போது அவனுக்குப் பன்னிரண்டு வயது. நான் மறக்கவில்லை. அதையாவது விடலாம். லோகு போனபோது ஊரே என் வீட்டில் இருந்தது. கால் வைக்க இடமில்லை. என் கையால் வாங்கித் தின்ற எத்திராஜ் மட்டும் வீட்டுக்குள் வரவில்லை. காரியத்துக்கும் வரவில்லை. பிறகு மாதவரம் பக்கம் குடி போய்விட்டான். இப்போது சங்கத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்துகொண்டு என் மகனுக்குச் சட்டம் சொல்கிறான்.

ஜெபராஜ் டீயைக் குடிக்காமல் கையிலேயே வைத்திருந்தான். “செயலாளர் ஒண்ணு சொன்னாரு ஆயா. இனிமே இப்டி எறங்க மாட்டோம்னு கிளப்புல சொல்லிட்டா எச்சரிக்கையோட விட்டுடலாமாம். ஆனா லோகு அண்ணனோட அம்மா வந்து சரின்னு சொல்லாம அந்தப் பேச்சையே எடுக்க மாட்டேன்னுட்டாரு.”

பாருங்கள் கெட்டிக்காரத்தனத்தை. நான் அவன் முன்னால் போய் நிற்க வேண்டும். அதுதான் அவனுக்கு வேண்டியது.

ஜூன் 13, வெள்ளி

ஜெபராஜ் திரும்பவும் வந்து வேறு யோசனை சொன்னான். மோனிஷா ஷூ கயிறு கட்டிக்கொண்டு இருந்தாள், அதனால் லேட்டாக இறங்கினாள் என்று சொல்லிவிடலாமாம். ஒவ்வொரு மேட்ச்சிலுமா கயிறு அவிழும் என்று கேட்டேன். தலையைச் சொறிந்துகொண்டு போய்விட்டான். நல்ல பையன். பொய் சொல்ல வராது.

ரேஷனில் பாமாயில் போட்டார்கள்.

ஜூன் 15, ஞாயிறு

மேட்ச் இல்லை. விசாரணை முடியும்வரை எங்கள் டீம் இறங்கக் கூடாது என்று சங்கத்தில் சொல்லிவிட்டார்கள்.

சாயந்திரம் தண்ணீர்த் தொட்டிக்குக் கீழே தெருக்கூட்டம். கிளப் தலைவர் டில்லிபாபு நடத்தினான். அவனும் லோகுவோடு ஆடியவன்தான். இப்போது தொப்பை விழுந்துவிட்டது, ஆனால் குரல் அப்படியே இருக்கிறது. “லோகுக்கு ஒரு நிமிஷம் குடுக்காத சங்கம் நமக்கு இன்னாத்துக்கு? நம்ம லீக்க நாம நடத்திக்குவோம். இதுக்கு முந்தி நடத்தல?” என்றான். எல்லோரும் கை தட்டினார்கள். எனக்கு நெஞ்சு நிறைந்துவிட்டது. இத்தனை வருடம் கழித்தும் என் பிள்ளைக்காகப் பேச ஆள் இருக்கிறது.

கோல்கீப்பர் பெண்ணின் அம்மா ஷகிலா மட்டும் எழுந்து நின்றாள். தேர்வு அடுத்த வருடமும் வரும், தன் பெண்ணின் வயசு அதுவரை நிற்குமா என்று கேட்டாள். டில்லிபாபு அவளைப் பார்த்து, லோகுவைத் தெரியாதவர்கள் பேசக் கூடாது என்றான். அவள் குடும்பம் இந்தத் தெருவுக்குக் குடிவந்தது லோகு போன பிறகுதான். உட்கார்ந்துவிட்டாள். அவளுக்கு இது வேண்டும் என்று நினைத்தேன்.

தமிழரசி கூட்டத்தின் பாதியிலேயே எழுந்து, கொடியில் துணி கிடக்கிறது என்று போய்விட்டாள். துணியை நான் காலையிலேயே எடுத்து மடித்து வைத்துவிட்டேன். அவளுக்கு எதுவும் ஞாபகம் இருப்பதில்லை.

மோனிஷா தொட்டிச் சுவரில் சாய்ந்து நின்றிருந்தாள். கை தட்டினாளா என்று பார்த்தேன். கூட்டத்தில் தெரியவில்லை.

சங்கத்தை விட்டு விலகுவது என்று முடிவாயிற்று. பதினெட்டாம் தேதி நானும் போய், எத்திராஜ் முகத்துக்கு நேராக அதைச் சொல்ல வேண்டும். என்ன சொல்வது என்று இப்போதே நாலு வாக்கியம் தயார் பண்ணிவிட்டேன்.

ஜூன் 16, திங்கள்

மோனிஷா பள்ளிக்கூடத்திலிருந்து வந்து சாப்பிடவில்லை. டிபன் பாக்ஸில் மதியச் சோறும் அப்படியே இருந்தது. தலைவலியா என்றால் இல்லை. யாராவது அடித்தார்களா என்றால் இல்லை. பேன் பார்க்கிறேன் வா என்று வாசற்படியில் உட்கார வைத்தேன். முகம் அந்தப் பக்கம் இருந்தால்தான் அவளுக்குப் பேச்சு வரும். அவள் அப்பனும் அப்படித்தான்.

பாதித் தலை பார்த்து முடித்ததும், “ஆயா, நா ஒண்ணு சொன்னா அழக்கூடாது” என்றாள்.

நான் எதற்கு அழுகிறேன், சொல்லு என்றேன்.

“நா ஒரு மேட்ச் கூட விசிலுக்கு உள்ள நின்னதில்ல ஆயா. எல்லாரும் உள்ள நிப்பாங்க, கைய கோத்துக்குவாங்க. நா மட்டும் கோட்டுக்கு வெளிய. அப்பறம் எல்லாரும் ஓடி சூடான பெறவு நா போவேன்.”

அப்பாவுக்காக நிற்கிறாய் அல்லவா என்றேன்.

“எனக்கு அப்பா மூஞ்சி ஞாபகம் இல்ல. போட்டோல இருக்கறதுதான் தெரியும். அங்க நிக்கும்போது எல்லாரும் என்னையே பாப்பாங்க. இன்னா நெனைக்கணும்னு எனக்கு தெரியல ஆயா. பந்து சீக்கிரம் வெளிய போவணும், போவணும்னுதான் நெனைப்பேன். அது தப்பா?”

தலையில் பேன் ஒன்றுமில்லை. இருந்தாலும் நான் இன்னும் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டே இருந்தேன்.

பிறகு, டிபன் பாக்ஸைக் கழுவாமல் வைத்ததற்குத் திட்டினேன். தேங்காய் எண்ணெய் வைத்து ரெட்டைப் பின்னல் போட்டேன். ராத்திரிக்கு முட்டை தோசை கேட்டாள். ரெண்டு சாப்பிட்டாள். எனக்குக் கொஞ்சம் கண் எரிச்சல். பின் வீட்டில் மிளகாய் வறுத்தார்கள்.

ஜூன் 17, செவ்வாய்

தண்ணீர் லாரி வரவில்லை. வேறு ஒன்றும் இல்லை.

ஜூன் 18, புதன்

என்னை அழைத்துவர எத்திராஜ் ஆட்டோ அனுப்பியிருந்தான். நான் ஏறவில்லை. பஸ்ஸில் போனேன். நின்றுகொண்டே போனதில் முட்டி வீங்கிவிட்டது. அதுவும் அவனால்தான்.

சங்க ஆபீஸ் சைக்கிள் கடைக்கு மாடியில் இருக்கிறது. கமிட்டிக்காரர்கள் ஒரு பக்கம், நாங்கள் ஒரு பக்கம், பவளம் அகாடமி மேனேஜர் நடுவில். நான் உள்ளே போனதும் எத்திராஜ் எழுந்து அவன் நாற்காலியையே தூக்கிவந்து எனக்குப் போட்டான். எனக்குத் தெரியாதா? நிற்கிறவள் சத்தமாகப் பேசுவாள், உட்கார்ந்தவள் பேசமாட்டாள் என்று கணக்கு. ஃபேனையும் என் பக்கம் திருப்பிவிட்டான்.

முதலில் அகாடமி மேனேஜர் பேசினான். மரியாதையாகத்தான் பேசினான். இறந்தவர் மேல் தங்களுக்கும் மரியாதை உண்டாம். ஆனால் அகாடமிப் பிள்ளைகள் எங்கள் பக்கம் பத்துப் பேரை எண்ணி, பத்துப் பேருக்கு ஆள் பிரித்து நின்றார்களாம். பந்து வெளியே போனதும் ஒருத்தி புதிதாக ஓடிவந்தால் அவர்கள் என்ன செய்வார்கள், அந்தப் பிள்ளைகளும் நம் பிள்ளைகள் வயசுதானே என்று கேட்டான். இதுவரை இதை நான் அந்தப் பக்கத்திலிருந்து யோசித்ததில்லை. அவன் சொன்னதில் நியாயம் இருந்ததால் அவன் மேல் இன்னும் கோபம் வந்தது.

டில்லிபாபு எழுந்து தொண்டையைக் கனைத்தான். சங்கத்தை விட்டு விலகும் முடிவைச் சொல்லப்போகிறான். அதற்குள் எத்திராஜ் கையைக் காட்டி நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தான்.

“யம்மா, நீங்க சொல்லுங்க. வுடமுடியாதுன்னு நீங்க சொன்னா, ரூல்ல எதாவது வழி இருக்கான்னு நா மேல எழுதிக் கேக்கறேன். இவங்க ஒத்துக்கலன்னாலும் கேக்கறேன்.”

தயார் பண்ணிவைத்த நாலு வாக்கியமும் எனக்கு அப்போது ஞாபகம் இருந்தது. ஒரு எழுத்து விடாமல் இருந்தது.

“விசில் அடிக்கும்போது எங்க புள்ளைங்க பதினோரு பேரும் உள்ள இருப்பாங்க” என்றேன்.

டில்லிபாபு என் பக்கம் குனிந்து, “யம்மா, இன்னா சொல்றீங்க? தெருவுல பேசினது இன்னா? லோகு எடம்மா அது” என்றான். அவன் குரல் உடைந்திருந்தது. அவன் மேல் எனக்குக் கோபம் வரவில்லை.

“லோகுவ நா பாத்துக்கறேன் டில்லி. நீ டீமப் பாரு” என்றேன்.

மோனிஷா சொன்ன எதையும் நான் அங்கே சொல்லவில்லை. அது அவளுக்கும் எனக்கும்.

ஜெபராஜ் குனிந்து தரையையே பார்த்துக்கொண்டிருந்தான். எத்திராஜ் கமிட்டிக்காரர்களிடம் கொஞ்ச நேரம் பேசினான். அங்கீகாரத்தை எடுக்க வேண்டும் என்று ஒற்றைக் காலில் நின்றவர்கள் ரெண்டு பேரும் உட்கார்ந்தபடியே தலையாட்டினார்கள். கிளப்புக்கு எச்சரிக்கை. அங்கீகாரம் தொடரும். பிள்ளைகள் தேர்வுக்குப் போகலாம். பவளம் அகாடமியோடு நடந்த மேட்ச் மட்டும் செல்லாது, வருகிற ஞாயிற்றுக்கிழமை திரும்ப ஆட வேண்டும். அகாடமி மேனேஜர் சரி என்றான்.

எல்லாம் முடிந்தது என்று எழுந்தேன். எத்திராஜ் விடவில்லை. மேட்ச் ஆரம்பிக்கும் முன்னால் ரெண்டு டீமும் லோகுவுக்காக ஒரு நிமிஷம் மௌனமாக நிற்கலாம், அதற்குச் சட்டத்தில் தடையில்லை, ரெஃபரியிடம் தானே சொல்கிறேன் என்றான்.

“வாணாம்ப்பா. என் புள்ள ஒரு எடத்துல நின்னவன் இல்ல. அவன் பேர்ல புள்ளைங்கள நிக்க வெக்காதீங்க. ஓடட்டும்” என்றேன்.

எத்திராஜ் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டான். அந்த ஜன்னலில் பார்க்க ஒன்றுமில்லை, எதிர்ப்புறம் வெறும் சுவர்தான்.

மாடிப்படி செங்குத்தாக இருந்தது. என் முழங்கையைப் பிடித்துக்கொண்டு கூடவே இறங்கினான். கிழவி விழுந்தால் சங்கத்துக்குக் கெட்ட பேர் என்று பயம் போலிருக்கிறது. கடைசிப் படியில் நின்றுவிட்டு, “அன்னிக்கி தெருமுன வரிக்கும் வந்தேம்மா” என்றான். எந்த அன்றைக்கு என்று நான் கேட்கவில்லை.

“தெரியும். பச்ச சட்ட போட்டுக்கினு இருந்த. கம்பத்தப் புடிச்சிக்கினு நின்ன.”

“பாத்தீங்களாம்மா?”

“பாத்தேன்.”

மன்னித்துவிட்டேன் என்று யாரும் நினைக்க வேண்டாம். அவன் தலை நன்றாக நரைத்துவிட்டது. கிட்டத்தில் பார்த்தபோதுதான் தெரிந்தது. லோகு இருந்திருந்தால் அவனுக்கும் இந்நேரம் நரைக்க ஆரம்பித்திருக்கும். இதை நான் இதுவரை யோசித்ததில்லை. என் கணக்கில் அவன் அப்படியே இருக்கிறான்.

திரும்பும்போது ஆட்டோவில் வந்தேன். முட்டி வலிதான் காரணம்.

ஜூன் 19, வியாழன்

வீட்டில் சொல்லிவிட்டேன். தமிழரசி அரிசி களைந்துகொண்டிருந்தாள். ஒரே அரிசியை நாலு தடவை களைந்தாள். பிறகு, “தேங்க்ஸ் அத்தே” என்றாள். இத்தனை வருடத்தில் அவள் எனக்கு அப்படிச் சொன்னதில்லை, நானும் சொல்லும்படி எதுவும் செய்ததில்லை. எதற்கு என்று கேட்டேன். சும்மா என்றாள்.

ஷகிலா வீட்டுக்குக் கொஞ்சம் கருவாட்டுக் குழம்பு கொடுத்தனுப்பினேன். குழம்பு மிஞ்சிப் போயிற்று.

ஜூன் 22, ஞாயிறு

தோற்றுவிட்டோம். ஒன்றுக்கு ரெண்டு.

நடந்ததை ஒழுங்காக எழுதுகிறேன். வெயிலுக்கு முன்னால் காலையிலேயே மேட்ச். நானும் தமிழரசியும் கோட்டுக்குப் பக்கத்தில் பழைய சாக்கு விரித்து உட்கார்ந்தோம். டில்லிபாபு வரமாட்டான் என்று நினைத்தேன். வந்து எதிர்ப்பக்கம் தள்ளி நின்றான். எத்திராஜ் கமிட்டிக்காரர்களோடு பந்தலில் இருந்தான்.

பிள்ளைகள் இறங்கினார்கள். மோனிஷா பழக்க தோஷத்தில் கோட்டுக்கு முன்னால் வந்ததும் நின்றுவிட்டாள். ஷகிலாவின் பெண் கோல் கம்பத்திலிருந்து, “ஏய் மோனி, வாடி உள்ள, இன்னாடி பாத்துகினு இருக்க” என்று கத்தினாள். மோனிஷா என் பக்கம் பார்த்தாள். நான் முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டிருந்தேன், வேர்வை. போ என்று கையைக் காட்டினேன். ஓடிப்போய் மற்ற பிள்ளைகளோடு கையைக் கோத்துக்கொண்டாள். என்ன சொன்னார்களோ, எல்லோரும் சிரித்தார்கள். பிறகு அவள் இடது ஓரத்தில் போய் நின்றாள். ரெஃபரி விசில் அடித்தான்.

முதல் பந்தே அவளிடம் வந்தது. தவறவிட்டாள். ரெண்டாவதும் போயிற்று. எனக்குத் தாங்கவில்லை, எழுந்து நின்று திட்டினேன். தமிழரசி என் சேலையைப் பிடித்து இழுத்தாள், பிறகு அவளும் எழுந்து நின்றுவிட்டாள். கொஞ்ச நேரத்தில் மோனிஷாவுக்குக் கால் பிடிபட்டது. ஓரமாகவே எடுத்துக்கொண்டு போய் அகாடமிப் பெண்கள் ரெண்டு பேரை வெட்டித் தாண்டிவிட்டு அவளே அடித்தாள். கோல். தமிழரசி என்னைக் கட்டிப்பிடித்ததில் என் கண்ணாடி கீழே விழுந்து ஒரு காது உடைந்தது. நூல் கட்டி மாட்டியிருக்கிறேன்.

இடைவேளைக்குப் பிறகு அவர்கள் ஒரு கோல் போட்டார்கள். அது நல்ல கோல், ஒத்துக்கொள்கிறேன். கடைசியில் பாருங்கள், பந்து ஷகிலா பெண்ணுக்கு முன்னால் நின்றிருந்த பிள்ளையின் தோளில் பட்டது. தோள். கையில்லை. அந்த ரெஃபரி கை என்று சொல்லி பெனால்டி கொடுத்தான். நெட்டையாக இருப்பான், ஒரு பக்கமாக வகிடு எடுத்து, மீசை இல்லாமல். பெயர் விசாரிக்கச் சொல்லியிருக்கிறேன். இவன் முகத்தை நான் சாகும்வரை மறக்கமாட்டேன்.

வீடு வரும்வரை மூன்று பேரும் அந்தப் பெனால்டியைத்தான் பேசிக்கொண்டு வந்தோம். மோனிஷா நடுரோட்டில் நின்று தோளைத் தொட்டுத் தொட்டுக் காட்டினாள், “இங்க ஆயா, தொ இங்கதான் பட்டுச்சி” என்று. முழங்காலில் தோல் உரிந்து ரத்தம் காய்ந்திருந்தது, அவளுக்கு அது தெரியவே இல்லை. தேர்வுக்கு முன்னால் வலது காலாலும் அடிக்கப் பழக வேண்டும் என்று ஜெபராஜ் சொன்னானாம். நாளை விடிகாலையில் எழுப்பச் சொல்லியிருக்கிறாள்.

இப்போது ஜெர்சிகளை ஊறப்போட்டுவிட்டு இதை எழுத உட்கார்ந்தபோதுதான் தோன்றியது. பந்து முதல் தடவை எப்போது வெளியே போனது, எந்தப் பக்கம் போனது, எனக்குத் தெரியவில்லை. எவ்வளவோ யோசித்தேன். அடுப்படியில் இருந்த தமிழரசியைக் கூப்பிட்டுக் கேட்டேன்.

அவளும் பார்க்கவில்லையாம்.